அரை மலையும் ஆறு பிட்டும்

சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்றொரு ஊர் இருக்கிறது. தெலுங்கில் 'அர' என்றால் அரை, 'கொண்ட' என்றால் மலை. லட்சுமணனைப் பிழைக்க வைக்கச் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு அனுமன் வான்வழியே போனபோது, அதில் ஒரு பகுதி இங்கே பெயர்ந்து விழுந்தது என்பது ஊர்க்கதை. மலைமேல் வீர ஆஞ்சநேயர் கோயில் உண்டு. பக்கத்துக் குளத்துத் தண்ணீருக்கு மருந்துக் குணம் இருப்பதாக நம்பி, வருகிறவர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

அனுமன் ஏன் மலையையே தூக்க வேண்டி வந்தது? எது சஞ்சீவி, எது வெறும் பச்சிலை என்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எந்தச் செடியிலும் சீட்டு ஒட்டியிருக்கவில்லை. அதனால் வேண்டியதும் வேண்டாததும் ஒரே சுமையாக வந்து சேர்ந்தன. அனுமனுக்குத் தோள் வலிமை இருந்தது, சமாளித்தான். ஒரு தொலைபேசிக் கம்பிக்கு அந்த வலிமை கிடையாது.

அரகொண்டாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அப்போலோ மருத்துவமனைகளை நிறுவிய பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர் இது. அங்கே கட்டிய சிறு மருத்துவமனையைச் செயற்கைக்கோள் வழியாக நகரத்து நிபுணர்களோடு இணைத்தார்கள். இஸ்ரோ கை கொடுத்தது. 2000 மார்ச் 24 அன்று, ஹைதராபாத் வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் அதை முறைப்படி தொடங்கிவைத்தார். இந்தியாவில் கிராமத்துத் தொலைமருத்துவத்தின் கதையை எழுதுகிறவர்கள் இந்த ஊரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

கிராமத்தில் நோயாளி, நகரத்தில் டாக்டர், நடுவே ஒரு மெல்லிய இணைப்பு. எக்ஸ்ரே படம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஈசிஜியும் அதே வழிதான். "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்கிற குரலுக்கும் வேறு வழி கிடையாது. எதை முதலில் விடுவது? எக்ஸ்ரே பெரியது. நாலு விநாடி பிந்தி வந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. குரல் மிகச் சிறியது, ஆனால் சீராக வர வேண்டும். தாலி கட்டி முடிந்த பிறகு வரும் கெட்டிமேளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நேரம் தப்பி வந்த குரல் துணுக்கும் அப்படித்தான். தூக்கிப் போட வேண்டியதுதான்.

இணையம் எதையும் முழுசாக அனுப்புவதில்லை. எல்லாவற்றையும் சிறு சிறு பாக்கெட்டுகளாக நறுக்கித்தான் அனுப்பும். பெரிய கோப்பென்றால் ஒரு பாக்கெட்டுக்கு வழக்கமாக 1,500 பைட் வரை இருக்கும். குரலை 20 மில்லிவிநாடிக்கு ஒரு துண்டு என்று வெட்டுவார்கள். ஒரு விநாடிப் பேச்சு 50 பாக்கெட்டாகும். பழைய தொலைபேசித் தரத்தில் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், மேலே முகவரி முதலிய விவரங்கள் 40 பைட். மொத்தம் 200.

அந்தக் காலத்தில் விநாடிக்கு 128 கிலோபிட் ஓடும் ஐஎஸ்டிஎன் தொலைபேசி இணைப்பு என்றால் பெரிய விஷயம். அதில் 1,500 பைட் பாக்கெட் ஒன்று ஏறி முடிய 94 மில்லிவிநாடி பிடிக்கும். பேச்சு இயல்பாக இருக்க வேண்டுமானால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிவிநாடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. எக்ஸ்ரேயின் ஒரே ஒரு துண்டு முன்னால் போய் நின்றுவிட்டால் அந்தக் கெடுவில் பாதிக்கு மேல் தீர்ந்தது. இரண்டு நின்றால் கெடுவே தாண்டிவிட்டது.

ஆகவே குரல் பாக்கெட்டின் நெற்றியில் ஒரு குறி இட்டு, "இதை முன்னால் விடு" என்று வழியில் பாக்கெட்டுகளுக்குத் திசை காட்டும் ரவுட்டர்களுக்குச் சொல்லிவைத்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு 'குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்' என்று பெயர். சேவைத் தரம் என்று தமிழாக்கலாம். ஆனால் அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றுகிறது. குறி இட்டதால் எந்தப் பாக்கெட்டும் வேகமாக ஓடிவிடாது. யார் காத்திருப்பது என்பதைத்தான் குறி தீர்மானிக்கிறது.

இதை அரகொண்டாவின் செயற்கைக்கோளே விளக்கிவிடும். பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றும் அந்த வகைக் கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளியின் வேகத்திலேயே மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய கால் விநாடி. கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை விநாடி. உலகத்திலேயே உயர்ந்த குறியை இட்டாலும் இதில் ஒரு மில்லிவிநாடிகூடக் குறையாது. செயற்கைக்கோள் வழியாகப் பேசிப் பழகியவர்கள் மற்றவர் முடித்த பிறகும் ஒரு கணம் பொறுத்துத்தான் வாயைத் திறப்பார்கள். தூரத்தால் வரும் தாமதத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வரிசையில் நிற்பதால் வரும் தாமதத்தை மட்டும் குறியால் இடம் மாற்றலாம். வரிசையே இல்லாத நேரத்தில் குறிக்கு வேலையும் இல்லை. நள்ளிரவில் காலியாகக் கிடக்கும் சாலையில் ஆம்புலன்ஸ் எதற்குச் சைரன் ஊத வேண்டும்?

முன்னுரிமைக் குறி இணையம் கண்டுபிடித்ததல்ல. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெளியூர் அழைப்புக்கான ட்ரங்க் கால் நினைவிருக்கும். சாதாரண அழைப்பு ஒரு கட்டணம். 'அர்ஜென்ட்' என்றால் இரண்டு மடங்கு. 'லைட்னிங்' என்றால் எட்டு மடங்கு. சாவுச் செய்தி சொல்ல லைட்னிங் போட்டவர்கள் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் தொலைபேசி வலையிலும் இதே மாதிரி படிகள் இருந்தன: ரொட்டீன், பிரையாரிட்டி, இமீடியட், ஃப்ளாஷ், ஃப்ளாஷ் ஓவர்ரைடு. 1981 செப்டம்பரில் இணைய நெறிமுறையின் அடிப்படை ஆவணம் வெளியானபோது, ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் ஒரு பைட்டை 'சேவை வகை'க்கென்று ஒதுக்கி, அதில் மூன்று பிட்டுகளில் இந்த ராணுவப் படிகளை அப்படியே இறக்கிவைத்தார்கள்.

இறக்கிவைத்தார்களே தவிர, வெகுகாலம் அந்தப் பைட்டைச் சீந்துவார் இல்லை. 1986 அக்டோபரில் இணையம் முதல்முறையாக நெரிசலில் மூச்சுத் திணறியது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தூரம் 400 கஜம்தான். அங்கே விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு வெறும் 40 பிட்டுக்கு இறங்கியது. ஆள் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வான் ஜேக்கப்சன் அதற்குக் கண்ட வைத்தியம் குறி அல்ல, அடக்கம். பாக்கெட் தொலைகிறது என்று தெரிந்ததும் அனுப்புகிறவரே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். இன்றுவரை இணையம் உயிரோடு இருப்பது பெரும்பாலும் அந்த அடக்கத்தால்தான்.

கோப்புகளுக்கு அது போதும். குரலால் அப்படி அடங்க முடியாது, நிறுத்தி நிறுத்திப் பேச முடியுமா? 1990-களில் முதலில் வந்த யோசனை இது: ஒவ்வொரு உரையாடலுக்கும் வழி நெடுக முன்பதிவு செய்துகொள்வது. ஒவ்வொரு ரவுட்டரும் தன்னைக் கடந்துபோகும் ஒவ்வொரு பேச்சையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பதி அலிபிரியிலிருந்து மலை ஏறும் ஒவ்வொருவருக்கும் 3,550 படியிலும் தனித்தனியே இடம் பிடித்து வைப்பது போன்ற வேலை. சின்ன வலைக்குள் நடந்தது, பெரிய இணையத்தில் எடுபடவில்லை.

1998 டிசம்பரில் வந்த மாற்று எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒரு நிர்வாக சாதுரியம் இருக்கிறது. அந்தப் பழைய பைட்டைத் துடைத்துவிட்டு அதில் ஆறு பிட்டைக் குறிக்கென்று எடுத்துக்கொண்டார்கள். ஆறு பிட் என்றால் 64 விதக் குறிகள். எந்தப் பாக்கெட்டுக்கு எந்தக் குறி என்ற ஆராய்ச்சி முழுவதையும் வலையின் ஓரத்தில் முடித்துவிடுவது. நடுவிலுள்ள பெரிய ரவுட்டர் அந்தப் பாக்கெட் யாருடையது, உள்ளே என்ன என்று கேட்காது. நெற்றியைப் பார்க்கும், வரிசையைக் காட்டும். அவ்வளவுதான்.

இதைப் படிக்கும்போது திருமலை நினைவுக்கு வரவில்லை என்றால் நீங்கள் அங்கே க்யூவில் நின்றதில்லை என்று பொருள். நாளொன்றுக்கு அறுபது, எழுபதாயிரம் பேர் வருகிறார்கள். எல்லாரும் போய்ச் சேர வேண்டியது ஒரே வாசல். கட்டணமில்லாத சர்வ தரிசனம், மலை நடந்து ஏறுகிறவர்களுக்கான திவ்ய தரிசனம், 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு, விஐபி பிரேக் என்று வகைகள். யார் எந்த வகை என்பதை மேலே கோயில் வாசலில் வைத்து விசாரித்துக்கொண்டிருந்தால் ஒரு நாளும் போதாது. ஆகவே கீழே திருப்பதியிலேயே டோக்கன் கொடுத்து நேரம் குறித்து அனுப்புகிறார்கள். 300 ரூபாய்ச் சீட்டு வீட்டிலிருந்தே பதிவாகிவிடுகிறது. மேலே இருப்பவருக்கு உங்கள் ஜாதகம் தேவையில்லை, கையிலுள்ள சீட்டு போதும். சன்னிதியில் எல்லா வகையாரும் ஒன்றாகும் இடத்தில் அனைவருக்கும் ஒரே மந்திரம்: ஜருகண்டி, அதாவது நகருங்கள்.

ஓரத்தில் குறியிடுவதற்கும் ஒரு விலை உண்டு. டோக்கன் கவுண்டரே ஒரு நெரிசல் முனையாகிவிடலாம். 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசி தரிசனத்துக்கான டோக்கன் வாங்கத் திருப்பதியில் கூடிய கூட்டத்தில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். ரவுட்டரில் குறியிடும் வேலையைச் சில்லு செய்துவிடுகிறது, அங்கே வரிசை சேராது. சேர்ந்து வழிந்தாலும் பாக்கெட்தான் தொலையும், மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். மனிதர் விஷயத்தில் உவமை அந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும்.

64 குறிகளில் பேர்பெற்றது 46. இரும எண்ணில் 101110. 'துரித அனுப்புகை' என்று சொல்லலாம், குரலுக்கான குறி இது. அலுவலக மேசையில் இருக்கும் ஐபி தொலைபேசி தன் குரல் பாக்கெட்டுகளில் இதைத் தானே இட்டுக்கொள்ளும். இங்கே ஒரு குறும்புக் கேள்வி வரும். என் மடிக்கணினியும் எல்லாப் பாக்கெட்டிலும் 46 என்று எழுதிக்கொண்டால்? தாராளமாக எழுதலாம், யாரும் கையைப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஒழுங்காக அமைத்த வலையில் முதல் சுவிட்சே அதை அழித்துப் பூஜ்யமாக்கிவிடும். தனக்குத்தானே எழுதிக்கொண்ட சிபாரிசுக் கடிதத்தை யார் மதிப்பார்கள்? எந்த முனையிலிருந்து வரும் குறியை நம்புவது, எதை நம்பாமல் துடைப்பது என்ற எல்லைக்கோட்டை வலை நிர்வாகி வரைந்து வைத்திருப்பார். ஒரு நிறுவனத்தின் வலையிலிருந்து இன்னொன்றின் வலைக்குத் தாண்டும்போதும் இதே கதிதான். உங்கள் அலுவலகம் இட்ட 46, இணையச் சேவை நிறுவனத்தின் வாசலோடு பெரும்பாலும் செல்லாக்காசாகிவிடும். தனி ஒப்பந்தம் இருந்தால்தான் உண்டு.

நம்பத் தகுந்த இடத்திலிருந்து வந்தாலும் அளவு உண்டு. அந்த அளவைக் காக்கும் உத்திக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'டோக்கன் வாளி'. திருப்பதியைப் பார்த்து வைத்ததல்ல, ஆனால் பொருந்திவிட்டது. ஒரு வாளியில் சீரான வேகத்தில் டோக்கன் விழுந்துகொண்டே இருக்கிறது. பாக்கெட் தன் எடைக்கு ஏற்ற டோக்கனை எடுத்துக்கொண்டு போகலாம். வாளி காலியாயிருந்தால் அந்தப் பாக்கெட்டைத் தள்ளிவிடுவார்கள், அல்லது குறியைப் பறித்துச் சாதாரண வரிசைக்கு அனுப்புவார்கள். சிறிது நேரம் சும்மா இருந்தவருக்கு வாளி நிரம்பியிருக்கும். அவர் திடீரென்று கொஞ்சம் கூடுதலாக அனுப்பினாலும் பொறுத்துக்கொள்ளும்.

இந்தக் கட்டுப்பாடு ஏன்? குரல் வரிசையில் யாராவது இருக்கும்வரை மற்ற வரிசையைத் திரும்பியே பார்க்காதே என்று ரவுட்டரிடம் சொன்னால், ஒரு நாள் மற்ற வரிசை பட்டினியால் சாகும். சர்வ தரிசனக்காரர் கம்பார்ட்மெண்டில் இருபது மணி நேரம் உட்கார்ந்திருந்த கதை ஊரெல்லாம் உண்டு. பிரேக் தரிசனத்தை நாள் முழுக்க நீட்டினால் அவர் எப்போது போவது? ஆகவே மிச்ச வரிசைகளுக்குள் பங்கு பிரித்துக் கொடுக்கும் முறைகள் வந்தன. அதில் ஒரு முக்கியக் கட்டுரை 1989-இல் வெளியானது. ஆலன் டெமர்ஸ், ஸ்காட் ஷென்கர் ஆகியோரோடு அதை எழுதியவர் கேஷவ், டெல்லி ஐஐடியில் படித்துவிட்டு பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். அவர்கள் சொன்ன நியாயம் பந்தி பரிமாறுவது போன்றது. பெரிய தட்டு வைத்திருப்பவருக்கு ஒரேயடியாகக் கொட்டாமல், ஒவ்வொரு இலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வருவது. அதிகம் கேட்பவர் தன் முறைக்குக் காத்திருப்பார், குறைவாகக் கேட்பவர் சீக்கிரம் எழுந்து போவார்.

வரிசைகளின் கணிதத்தில் லியோனார்ட் கிளைன்ராக் 1960-களில் நிறுவிய ஒரு விதி உண்டு. முன்னுரிமையை எப்படி மாற்றி அமைத்தாலும், சுமைக்குத் தக்கபடி எடைபோட்டுக் கூட்டினால் காத்திருப்பின் மொத்தம் மாறாது. ஒருவர் தலையிலிருந்து இறங்கியது இன்னொருவர் தலையில் ஏறியே தீரும். அப்படியானால் குரலுக்குக் கொடுத்த சலுகையை மற்றவர் ஏன் உணர்வதில்லை? குரல் அவ்வளவு சிறியது என்பதுதான் காரணம். 200 பைட், விநாடிக்கு 50 முறை: 80 கிலோபிட். இன்று ஒரு வீட்டில் வரும் பத்து மெகாபிட் இணைப்பில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ரேஷன் கடையில் ஒரு சோப்பு மட்டும் வாங்க வந்தவரை முன்னால் விட்டால் மூட்டை அரிசிக்காரருக்கு என்ன நஷ்டம்? மாறாக, வரிசையில் உள்ள எல்லாருமே தங்கச் சீட்டு வாங்கினால் அது தகரச் சீட்டாகிவிடும். லைட்னிங் கால் எட்டு மடங்கு விலையில் இருந்ததன் சூட்சுமம் அதுதான்.

குறியின் கை எட்டாத இன்னொரு இடமும் உண்டு. பெரிய பாக்கெட் ஏற்கெனவே கம்பியில் ஏறிவிட்டால், பின்னால் வருவது குரலே ஆனாலும் அது முடியும்வரை நிற்க வேண்டும். மலைப்பாதை வளைவில் பேருந்து பாதி திரும்பியிருக்கும்போது வந்த ஆம்புலன்ஸ் மாதிரி. அதனால்தான் மெல்லிய இணைப்புகளில் பெரிய பாக்கெட்டை மேலும் நறுக்கி, இடையிடையே குரலைச் செருகினார்கள். 94 மில்லிவிநாடித் துண்டைப் பத்தாக வெட்டினால் குரல் ஒன்பது, பத்து மில்லிவிநாடிக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. இன்றைய ஃபைபரில் ஒரு பாக்கெட் கண்ணிமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எடுத்துக்கொள்ளாது, இந்த நறுக்கலும் வழக்கொழிந்தது.

இதெல்லாம் எங்கோ அலுவலக ரவுட்டரில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியபோது அதில் பழைய பாணிக் குரல் பாதையே கிடையாது. பேச்சும் 4ஜி பாக்கெட்டாகத்தான் போனது. இந்த முறையில் சாதாரண அழைப்புக்கென்று செல்பேசி வலை தனிப் பாதை திறக்கிறது. அதன் வகை எண் 1, தாமத வரம்பு 100 மில்லிவிநாடி. அதைவிட ஒரு படி மேலான முன்னுரிமை எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அழைப்பை ஏற்படுத்தித் தரும் சமிக்ஞைக்கு. மணியே அடிக்காவிட்டால் பேச்சு ஏது? அதே செல்பேசியில் வாட்ஸப் வழியாகப் பேசினால் அது வெறும் டேட்டா. மற்றவர் பார்க்கும் வீடியோவோடும் ரீல்ஸோடும் ஒரே வரிசையில் நிற்கும். பிரம்மோற்சவக் கூட்டத்தில் மாட வீதியில் நின்றுகொண்டு ஊருக்கு வாட்ஸப்பில் அழைத்துத் திணறுகிறவர்கள், ஒருமுறை சாதாரண அழைப்பில் முயன்று பார்க்கலாம்.

இங்கேதான் நியாயம் பற்றிய வழக்கு எழுகிறது. குரல் என்பதற்காக முன்னால் விடுவது ஒன்று. இந்த நிறுவனம் காசு கொடுத்தது, அதனால் அதன் வீடியோவை முன்னால் விடுவேன் என்பது வேறு. 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வைப்பதைத் தடை செய்தது. 2018 ஜூலையில் மத்திய தொலைத்தொடர்புத் துறை இணையச் சமநிலை விதிகளை ஏற்றது. நெரிசலைச் சமாளிக்கும் நியாயமான நிர்வாகத்துக்கும், சில சிறப்புச் சேவைகளுக்கும் அதில் விலக்கு உண்டு. என் பார்வையில் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழி விடச் சொல்வது போக்குவரத்து விதி. விலை உயர்ந்த காருக்கு வழி விடச் சொல்வது வேறு விவகாரம்.

அப்படியானால் குறி எதுவும் இல்லாத மற்ற பாக்கெட்டுகள்? அவற்றுக்கு வலை கொடுக்கும் வாக்குறுதியின் பெயர் 'முடிந்தவரை முயற்சி'. நேரம் சொல்லாது, இடம் ஒதுக்காது, வழியில் தொலைந்தால் பொறுப்பேற்காது. இணையத்தின் சர்வ தரிசன வரிசை அது. இன்று காலை நீங்கள் திறந்த செய்திப் பக்கம், மகள் அனுப்பிய படம், மூன்று மாதம் முன்னதாகவே 300 ரூபாய்ச் சீட்டுக்குப் பதிவு செய்யப் போட்டி போட்ட அந்தப் பத்து நிமிடம், எல்லாம் உங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்த ஆறு பிட்டிலும் பெரும்பாலும் பூஜ்யம்தான் இருந்திருக்கும்.